கிளினிக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது? சொந்தமாகக் கிளினிக் நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளினிக்கில் கூட்டம் இருக்கிறது, மாதக் கடைசியில் கையில் பணம் நிற்பதில்லை. சிறு ஊர்களில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கும் பல டாக்டர்கள் வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். என் மனைவி பொது மருத்துவர். சர்க்கரை, பிரஷர் நோயாளிகள் அதிகம் வரும் கிளினிக், உள்ளேயே ஒரு மருந்துக்கடை. நிர்வாகமும் கணக்கும் என் பொறுப்பு. மருத்துவக் கல்லூரியில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆடிட்டர் வரிக்கு வேண்டியதை மட்டும் கேட்பார். மென்பொருள் விற்க வருபவர் கலர் கலராக வரைபடம் காட்டுவார். எந்த எண்ணைப் பார்த்தால் கிளினிக் நன்றாக நடக்கிறதா என்று தெரியும் என்பதைத் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டோம். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றிரண்டு டாக்டர்கள் இருக்கும் தமிழ்நாட்டுக் கிளினிக்கை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கணக்கில் வரும் தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கான உதாரணங்கள். உங்கள் ஊர் வாடகை, உங்கள் ஃபீஸ் எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. காகிதங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

கணக்குப் பார்க்க உட்காரும் முன் இதைச் செய்துவிடுங்கள். ஒரு உரிமம் காலாவதியானால் அதனால் வரும் செலவும் ஓட்டமும் எந்த லாபக் கணக்கையும் கவிழ்த்துவிடும். கோப்பில் இருக்க வேண்டியவை: தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ன் கீழ் வாங்கிய பதிவுச் சான்று (மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் வழியாக வருவது), மருத்துவக் கழிவுக்கான மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, கழிவு எடுத்துப்போகும் பொது நிலையத்துடன் ஒப்பந்தம், மருந்துக்கடை இருந்தால் அதன் உரிமமும் மருந்தாளுநரின் பதிவுச் சான்றும், வாடகை ஒப்பந்தம், டாக்டரின் மருத்துவக் கவுன்சில் பதிவு, தொழில்சார் காப்பீடு. ஸ்கேன் இருந்தால் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் பதிவு. எக்ஸ்ரே இருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம்.

கோப்பின் முதல் தாளில் ஒவ்வொன்றுக்கும் முடியும் தேதியை எழுதி, அதற்கு மூன்று மாதம் முந்தைய தேதியைப் பக்கத்தில் சிவப்பில் எழுதுங்கள். புதுப்பிக்கும் வேலை அந்தச் சிவப்புத் தேதியில் தொடங்க வேண்டும்.

2. பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

டாக்டரின் சேமிப்புக் கணக்கில் கிளினிக் பணமும் வீட்டுப் பணமும் கலந்து கிடந்தால் எதையும் அளக்க முடியாது. கிளினிக்குக்கு ஒரு நடப்புக் கணக்கு, மருந்துக்கடைக்கு இன்னொன்று, வீட்டுக்கு வேறு. பெரும்பாலான வங்கிகள் நடப்புக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு கேட்கும். எவ்வளவு, குறைந்தால் என்ன அபராதம் என்று கேட்டுவிட்டுத் திறங்கள்.

அப்புறம், டாக்டருக்குச் சம்பளம் வையுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை முடிவு செய்து, குறிப்பிட்ட தேதியில் கிளினிக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு அனுப்புங்கள். இதே அனுபவமுள்ள டாக்டர் உங்கள் ஊர் தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தால் என்ன கொடுப்பார்களோ அதுதான் அளவு. இந்தச் சம்பளமும் போக மிஞ்சுவதுதான் கிளினிக்கின் லாபம். சம்பளத்தைக் கழிக்காமல் "லாபம்" என்று நினைப்பது டாக்டரின் உழைப்புக்கூலியைத்தான். சொந்தக் கட்டடம் என்றாலும் இதே விதி. வெளியே விட்டால் வரக்கூடிய வாடகையைச் செலவாக எழுதுங்கள்.

கவனம்: தனி உரிமையாளராக நடத்தும் கிளினிக்கில் இந்தச் சம்பளத்தையோ சொந்தக் கட்டட வாடகையையோ வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இது உங்கள் கண்ணுக்கு மட்டுமான கணக்கு.

3. தினமும் இரவு கல்லாவை மூடுங்கள்

கிளினிக் பூட்டும் முன் பத்து நிமிட வேலை. காலையில் கல்லாவில் இருந்த ரொக்கம், அன்று போட்ட பில்களின் கூட்டுத்தொகை, அதில் யுபிஐ எவ்வளவு, கார்டு எவ்வளவு, கல்லாவிலிருந்து எடுத்த சில்லறைச் செலவு, இரவு எண்ணிய ரொக்கம். ஆறு எண்கள். கணக்கு உதைத்தால் எவ்வளவு உதைக்கிறது என்பதையும் எழுதி, எண்ணியவர் கையெழுத்துப் போட வேண்டும். வித்தியாசம் இருபது ரூபாயாக இருந்தாலும் எழுதச் சொல்லுங்கள். திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த நாளிலிருந்து கணக்கு எப்போதும் சரியாகவே இருக்கும், ஆனால் உண்மையாக இருக்காது.

பில் புத்தகம் வரிசை எண் அச்சிட்டு, கார்பன் நகலோடு இருக்க வேண்டும். ரத்தான பில்லைக் கிழிக்காமல் குறுக்கே கோடு போட்டு புத்தகத்திலேயே வைக்க வேண்டும். யுபிஐ க்யூஆர் அட்டை கிளினிக்கின் நடப்புக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். வரவேற்பில் இருப்பவரின் சொந்த போனுக்கு "இப்போதைக்கு அனுப்புங்கள்" என்பது ஒருநாள்கூட வேண்டாம். நல்லவர்களையே சங்கடத்தில் மாட்டிவிடும் பழக்கம் அது. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக வரும் யுபிஐ பணத்துக்கு வணிகரிடம் கட்டணம் கிடையாது. கார்டுக்கு உண்டு, அதைத் தனிச் செலவாக எழுதுங்கள்.

யுபிஐயைக் கூட்டுவதில் வரிப் பக்கமும் ஒரு நன்மை இருக்கிறது. வருமான வரிச் சட்டம் 1961-ன் 44ஏடிஏ பிரிவில், மொத்த வரவு 50 லட்சம் வரை இருக்கும் டாக்டர்கள் அதில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டலாம். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வரம்பு 75 லட்சம். 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண் வேறு. ஆடிட்டரிடம் புதிய எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையான லாபம் வரவில் பாதிக்கும் குறைவு என்றால் இந்தச் சலுகை உங்களுக்கு நஷ்டம். அதுவும் அளந்தால்தான் தெரியும்.

4. ஓபி ரெஜிஸ்டரில் சில கட்டங்களைக் கூட்டுங்கள்

1962-ம் ஆண்டு வருமான வரி விதிகளில் டாக்டர்களுக்கென்றே 3சி என்று ஒரு தினசரிப் பதிவேட்டு வடிவம் இருந்தது: தேதி, வரிசை எண், நோயாளி பெயர், என்ன சிகிச்சை, ஃபீஸ், வாங்கிய தேதி. அதை அடித்தளமாக வைத்துக்கொண்டு சில கட்டங்களைச் சேருங்கள். புதியவரா பழையவரா, ஃபீஸ் வாங்கினோமா இலவச ரிவ்யூவா (ஃபீஸ் இல்லாமல் மறுபடி பார்ப்பது), எப்படி நம்மைத் தெரிந்தது (புதியவருக்கு மட்டும்), அடுத்து எப்போது வரச் சொன்னோம்.

கடைசிக் கட்டம்தான் பின்னால் பெரிதாக உதவும். இரண்டாம் கட்டம் இலவச ரிவ்யூ எத்தனை சதவீதம் என்று காட்டும். பல கிளினிக்குகளில் ஃபீஸ் 300 ரூபாய் என்று பலகையில் இருக்கும். தெரிந்தவர், ஊழியரின் உறவினர், ரிப்போர்ட் காட்ட வந்தவர், "போன வாரம்தான் வந்தேன்" என்பவர் எல்லாம் போக, ஒரு ஆளுக்கு உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. மாத ஃபீஸ் வரவை மொத்தம் பார்த்த ஆட்களால் வகுத்தால் வருவதுதான் உங்கள் உண்மையான ஃபீஸ். இனி எல்லாக் கணக்கும் அந்த எண்ணில்தான்.

5. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தால் கட்டும்?

மாதம் யாருமே வராவிட்டாலும் ஆகும் செலவை எழுதுங்கள். உதாரணத்துக்கு: வாடகை 25,000, மூன்று ஊழியர் சம்பளம் 45,000, மின்சாரம் 6,000, கழிவு அகற்றல் 2,000, இணையமும் போனும் மென்பொருளும் 2,500, அச்சு, துப்புரவு 4,500, பராமரிப்பு, காப்பீடு 5,000. மொத்தம் 90,000. வருடத்துக்கு ஒருமுறை கட்டும் காப்பீடு, உரிமக் கட்டணம், தீபாவளி போனஸ் எல்லாவற்றையும் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேருங்கள். இவற்றை விட்டுவிட்டுத்தான் பலரும் ஐப்பசி மாதம் திண்டாடுகிறார்கள்.

பலகையில் ஃபீஸ் 300, உண்மையில் கிடைப்பது 240. ஒரு ஆளுக்குக் கையுறை, பஞ்சு, சீட்டு என்று 15 ரூபாய் போனால் மிச்சம் 225. 90,000-ஐ 225-ஆல் வகுத்தால் 400 பேர். மாதம் 25 நாள் என்றால் நாளைக்கு 16 பேர் வந்தால் கதவைத் திறந்து வைக்கும் செலவு கட்டும்.

இப்போது டாக்டர் சம்பளம் 1,20,000-ஐயும் சேருங்கள். 2,10,000-ஐ 225-ஆல் வகுத்தால் 933 பேர். நாளைக்கு 37 பேருக்கு மேல். பதினாறுக்கும் முப்பத்தேழுக்கும் நடுவில் இருக்கும் கிளினிக்குகள்தான் "கூட்டம் இருக்கிறது, பணம் இல்லை" என்று சொல்கின்றன. ஓடுகிறது, ஆனால் டாக்டர் பாதிச் சம்பளத்தில் வேலை பார்க்கிறார்.

இதே எண்ணை மணிக்கணக்கிலும் பாருங்கள். ஆளுக்கு எட்டு நிமிடம் என்றால் 37 பேருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். மாதம் 125 மணி. 1,20,000-ஐ 125-ஆல் வகுத்தால் மணிக்கு 960 ரூபாய். ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு மணி நேரம் திறக்கலாமா என்று யோசிக்கிறீர்கள், பத்துப் பேர் வருவார்கள், ஊழியருக்குக் கூடுதலாக 700 கொடுக்க வேண்டும் என்றால்: 2,250-ல் 700 போக 1,550. மணிக்கு 775. டாக்டரின் வழக்கமான மணிக்கூலியைவிடக் குறைவு, ஓய்வும் போகிறது. திறக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்து திறங்கள்.

6. காத்திருக்கும் நேரத்தை அளங்கள்

டோக்கன் சீட்டில் மூன்று நேரம் எழுதச் சொல்லுங்கள்: வந்தது, உள்ளே போனது, வெளியே வந்தது. ஒரு வாரம் போதும். சராசரி பார்க்காதீர்கள். எல்லாக் காத்திருப்பையும் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி நடுவில் நிற்கும் எண்ணைப் பாருங்கள், கூடவே மிக நீளமான ஐந்தையும் பாருங்கள். அந்த ஐந்து பேர்தான் ஊரில் பேசுவார்கள்.

பெரும்பாலான கிளினிக்குகளில் காரணம் ஒன்றுதான். பலகையில் மாலை 6 மணி, டாக்டர் வருவது ஆறரை. அதற்குள் பதினைந்து பேர் சேர்ந்துவிடுவார்கள். அந்த அரை மணி நேரம் இரவு மூடும்வரை ஒவ்வொருவர் மேலும் ஏறிக்கொண்டே போகும். நேரத்துக்குத் தொடங்குவதற்குப் பைசா செலவில்லை. முடியவில்லை என்றால் பலகையை ஆறரை என்று மாற்றுங்கள். அடுத்து, டோக்கனோடு நேரத்தையும் கொடுங்கள்: 1 முதல் 6 வரை 6 மணி, 7 முதல் 12 வரை 6.45 என்பதுபோல. ரிப்போர்ட் மட்டும் காட்ட வருபவர்களுக்கும் பிரஷர் மட்டும் பார்க்க வருபவர்களுக்கும் ஒரு தனி அரை மணி. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளைக் கடைசியில் பாருங்கள். மாற்றிய பிறகு மறுபடி ஒரு வாரம் அளங்கள்.

டாக்டர் நோயாளியைப் பார்க்கும் நேரத்தை மட்டும் வெட்டாதீர்கள். காத்திருப்பைக் குறைக்க எட்டு நிமிடத்தை நாலாக்குவது சுலபம். சர்க்கரைக்காரரின் காலைப் பார்க்காமல் அனுப்பும் இடம் அதுதான்.

7. மருந்துக்கடை: தனிக் கணக்கு, தனிக் கவனம்

மருந்துக்கடை விற்பனை பெரிதாகத் தெரியும், மிஞ்சுவது கொஞ்சம். விலை கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளில் சில்லறைக் கடைக்கான லாப விகிதம் கொள்முதல் விலையில் 16 சதவீதம்தான். மற்றவற்றில் வழக்கமாக 20. அதில் மருந்தாளுநர் சம்பளம், காலாவதி, தள்ளுபடி எல்லாம் போக வேண்டும். ஆகவே மாதம் மூன்று எண்கள்: விற்பனையில் கொள்முதல் விலை போக மிஞ்சியது, காலாவதியான சரக்கின் மதிப்பு, "இல்லை" என்று திருப்பி அனுப்பிய மருந்துகளின் பட்டியல். மூன்றாவதை ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொன்னால் போதும், எதைக் கூடுதலாக வாங்க வேண்டும் என்று அதுவே சொல்லும். எங்கே வாங்குவது என்பது நோயாளியின் விருப்பம். அதை ஊழியர்களுக்கும் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

காலாவதிக்குப் பல மாதம் முன்பே எடுத்துக் கொடுத்தால்தான் ஸ்டாக்கிஸ்ட் (மருந்து மொத்த வியாபாரி) திரும்ப வாங்குவார். எத்தனை மாதம் என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். பிரதிநிதி சொல்லும் "பத்து வாங்கினால் ஒன்று இலவசம்" சலுகையில் மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும் சரக்கு வாங்காதீர்கள்.

இனி ஜிஎஸ்டி. இங்கேதான் நிறைய பேர் சிக்குகிறார்கள். மருத்துவ ஆலோசனைக்கும் சிகிச்சைக்கும் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஓபி நோயாளிக்கு விற்கும் மருந்துக்கு இல்லை. அழகு சிகிச்சைக்கும் இல்லை. டாக்டரின் அதே பான் எண்ணில் கடையும் இருந்தால், பதிவு வரம்பைப் பார்க்கும்போது விலக்குள்ள வரவையும் சேர்த்தே கூட்டுவார்கள். ஃபீஸ் வரவு 18 லட்சம், மருந்து விற்பனை 4 லட்சம் என்றால் மொத்தம் 22 லட்சம். சேவையும் தரும் ஒருவருக்கான வரம்பு 20 லட்சம். மருந்து நாலு லட்சம்தானே என்று இருந்துவிட்டால் நோட்டீஸ் வரும். கடையைத் தொடங்கும் முன்பே யார் பெயரில், எந்த பான் எண்ணில் என்பதை ஆடிட்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். பிறகு மாற்றுவதென்றால் உரிமம் முதல் வங்கிக் கணக்கு வரை எல்லாவற்றையும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும்.

8. வரவேண்டிய பாக்கி

ரொக்கத்துக்குப் பார்க்கும் கிளினிக்குக்கு இது சின்ன விஷயம். கம்பெனி ஊழியர் பரிசோதனை, காப்பீடு, டிபிஏ (காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பில்லைப் பார்த்துப் பணம் தரும் இடைநிறுவனம்) என்று இருந்தால் பில் தேதி, தொகை, வந்த தேதி, பிடித்தம், காரணம் என்று ஒரு தாள் வையுங்கள். 30 நாள், 60 நாள், 90 நாளுக்கு மேல் என்று மாதக் கடைசியில் பிரித்துப் பாருங்கள். அவர்கள் பிடிக்கும் 10 சதவீத டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) உங்கள் பணம். அது வருமான வரித் துறையின் வரிப் பிடித்த விவரத்தில் (பழைய சட்டத்தில் 26ஏஎஸ் படிவம்) உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஏறவில்லை என்றால் உடனே கேளுங்கள். வருட முடிவில் கேட்டால் அந்த இருக்கையில் இருந்தவர் மாறியிருப்பார்.

9. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

முதல் மாதம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள். இரண்டாம் மாதம் படித்துப் பாருங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து மாதத்துக்கு ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் காய்ச்சல் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஆள் எடுத்தால் மாசியில் சம்பளம் சுமையாகிவிடும். தீபாவளி ஒரு வருடம் அக்டோபரிலும் ஒரு வருடம் நவம்பரிலும் வரும், அந்த இரண்டு மாதத்தையும் சேர்த்தே பாருங்கள்.

முதலில் எதை மாற்றுவது? என் கருத்தில், திரும்பி வர வேண்டியவர்கள். ரெஜிஸ்டரில் "அடுத்து எப்போது" என்ற கட்டம் இருக்கிறது அல்லவா? வாரம் ஒருநாள் அதைப் புரட்டி, தேதி தாண்டியும் வராத சர்க்கரை, பிரஷர்காரர்களைப் போனில் கூப்பிடச் சொல்லுங்கள். "அம்மா, மூன்று மாத சர்க்கரை பார்க்க டாக்டர் சொல்லியிருந்தாங்க, இந்த வாரம் வர முடியுமா?" அவ்வளவுதான். வேறு எதையும் விற்கக் கூடாது. கூப்பிடலாமா என்று முதல் தடவை வரும்போதே கேட்டுச் சம்மதம் வாங்கி வையுங்கள். மருந்தை நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பவர்கள் இந்த ஒரு போனில் திரும்பி வருகிறார்கள். கிளினிக்கின் வரவும் சீராகும், அவர்கள் சிறுநீரகமும் பிழைக்கும். நோயாளியின் நன்மையும் கிளினிக்கின் நன்மையும் ஒரே பக்கம் நிற்கும் இடம் இது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இலவச ரிவ்யூவுக்கு எழுதப்பட்ட விதி வேண்டும். "ஏழு நாளுக்குள் அதே பிரச்சினைக்கு இலவசம்" என்று பலகையில் எழுதுங்கள். அப்போது வரவேற்பில் இருப்பவர் யாரிடமும் பேரம் பேச வேண்டியதில்லை. கட்ட முடியாதவர்களுக்கு டாக்டர் சீட்டில் ஒரு குறி போடட்டும், யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அதை "டாக்டர் விட்டது" என்று தனியாக எழுதுங்கள். மாதம் எவ்வளவு விட்டீர்கள் என்று தெரிந்தால் இன்னும் எவ்வளவு விட முடியும் என்றும் தெரியும்.

ஃபீஸ் ஏற்றம் கடைசி. 300-ஐ 350 ஆக்கினால், பலகை ஃபீஸில் எண்பது சதவீதம் கையில் வருகிறது (300-க்கு 240) என்ற அதே கணக்கில் ஆளுக்கு மிச்சம் 225-லிருந்து 265 ஆகும். 933 பேருக்குப் பதில் 793 பேர் போதும். அதாவது பதினைந்து சதவீதம் பேர் குறைந்தாலும் கட்டும். அதற்கு மேல் போய்விடுவார்கள் என்று தோன்றினால் ஏற்றாதீர்கள். ஏற்றினால் ஒரு மாதம் முன்பே பலகை வையுங்கள், வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். ஃபீஸைப் பலகையில் தெரியும்படி வைப்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகளின்படி கட்டாயம்.

10. இந்த வழிகளில் போகாதீர்கள்

லேபிலிருந்தும் ஸ்கேன் சென்டரிலிருந்தும் மாதக் கவர் வரும் என்று ஆசை காட்டுவார்கள். அதே 2002 விதிகள் அனுப்பிவைப்பதற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கின்றன. விதியை விடுங்கள், அந்தக் கவரின் பணம் நோயாளியின் பில்லிலிருந்து வருகிறது. அது இல்லாமல் கிளினிக் கட்டவில்லை என்றால் ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போய்க் கணக்கைச் சரிசெய்யுங்கள்.

ஊழியருக்கோ கூடச் சேர்ந்த டாக்டருக்கோ "இத்தனை டெஸ்ட்" என்று இலக்கு வைக்காதீர்கள். எதை அளக்கிறீர்களோ அதுதான் பெருகும். காத்திருப்பு நேரம், திரும்பி வந்தவர்கள், கல்லா வித்தியாசம் இவற்றுக்கு ஊக்கத்தொகை கொடுங்கள். விளம்பரம் செய்து தருகிறோம், நல்ல விமர்சனம் எழுதித் தருகிறோம் என்பவர்களிடமும் கவனம். டாக்டர்கள் நோயாளிகளை வரவழைக்க விளம்பரம் செய்வதற்கு அதே விதிகளில் தடை உண்டு. 2023-ல் வந்த புதிய விதிகள் அந்த ஆகஸ்டிலேயே நிறுத்திவைக்கப்பட்டன, பழைய விதிகள்தான் தொடர்கின்றன.

11. என்ன செலவாகும், எப்போது எதைச் செய்வது

தொடங்க வேண்டியது இரண்டு ரெஜிஸ்டர், பில் புத்தகம், ஏற்கெனவே இருக்கும் கணினியில் ஒரு விரிதாள். மென்பொருளை ஆறு மாதம் கழித்து வாங்குங்கள். அதற்குள் எந்த எண் வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள்: இரண்டாம் வருடக் கட்டணம் எவ்வளவு, குறுஞ்செய்திக்குத் தனிக் காசா, விட்டுவிட்டால் எங்கள் நோயாளி விவரம் முழுவதையும் எந்த வடிவில் திருப்பித் தருவீர்கள். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வரவில்லை என்றால் வேண்டாம். உள்நோயாளிகளின் சிகிச்சைப் பதிவுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், எந்த நோயாளி தன் பதிவைக் கேட்டாலும் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பு மென்பொருள்காரருடையது அல்ல, டாக்டருடையது.

தினமும் பத்து நிமிடம் கல்லா. வாரம் அரை மணி நேரம் திரும்ப வர வேண்டியவர்கள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் ஒரே தாளில் இந்த எண்கள்: மொத்தம் பார்த்தவர்கள், அதில் புதியவர்கள், உண்மையான ஃபீஸ், நிலையான செலவு, டாக்டர் சம்பளம் போக மிச்சம், மணிக்கு எவ்வளவு, காத்திருப்பு, காலாவதிச் சரக்கு, பாக்கி. அந்தத் தாளை டாக்டரோடு உட்கார்ந்து பாருங்கள், கிளினிக் நேரத்தில் வேண்டாம். மார்ச் 31 இரவு மருந்துச் சரக்கை முழுவதும் எண்ணுங்கள். அன்று எண்ணாத சரக்கை ஜூலையில் ஆடிட்டர் கேட்கும்போது ஊகித்துத்தான் எழுத வேண்டியிருக்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் வங்கிக் கணக்கு விவரம், பில் புத்தகங்கள், செலவு ரசீதுகள், சரக்குப் பட்டியல் நான்கையும் அவரிடம் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.